தானே சிமிட்டிய சிவப்பு விளக்கு

அத்தியாயம் 9

மெயின் சுவிட்சை இறக்கியாயிற்று. பக்கத்து அறையில் காற்றாடி சுற்றிச் சுற்றி ஓய்ந்தும் போயிற்று. ஆனாலும் சுவரில் இருந்த சிவப்பு விளக்கு சிமிட்டியது.

அன்னக்கொடி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஓட வேண்டி வந்தால் கால் தடுக்கக் கூடாது பாருங்கள், அதற்குத்தான்.

"அண்ணே, துப்பறியுற பீசு மட்டும்தான் பேசினீகளா? பேய் ஓட்டுறதுக்குத் தனியா உண்டா?"

"கையில கடியாரம் கட்டியிருக்கேல்ல, அதைப் பாரு ஆத்தா. எத்தனை நிமிஷம் சிமிட்டுதுன்னு சொல்லு" என்றார் உக்கிரபாண்டி.

முப்பது வருஷம் கோர்ட்டு அமீனாவாக இருந்தவர் அவர். சம்மனைக் கண்டதும் கொல்லைப்புறமாக ஓடுகிறவன் முகம் எப்படி இருக்கும், ஓடாமல் நின்று பொய் சொல்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு மனப்பாடம். ஓய்வு பெற்றதும் போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறை பிடித்து 'துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டினார். ஏலக்காய் ஏல மையத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த அன்னக்கொடி, மேனேஜரோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு நேராக அந்தப் பலகைக்குக் கீழே வந்து உட்கார்ந்தவள். வாய்ச்சண்டை இன்னும் ஓயவில்லை, ஆள் மட்டும் மாறியிருக்கிறது.

இப்போது இருவரும் நிற்பது போடிமெட்டுக்கு நாலு வளைவு கீழே இருக்கும் ஒரு எஸ்டேட்டின் ஸ்டோரில். பச்சை ஏலக்காயை உலர்த்துகிற கட்டடத்துக்கு மலையில் அதுதான் பெயர். மதியம் மூன்று மணிதான், ஆனால் மஞ்சு இறங்கிக் கண்ணாடி ஜன்னலையெல்லாம் வெள்ளையாக அடைத்துவிட்டது. காய் பொறுக்கும் கூடத்தில் நாற்பது பெண்கள் உட்கார வேண்டிய இடம் வெறிச்சென்று கிடந்தது. முறங்கள் கவிழ்ந்திருந்தன. ஏலக்காய் வாசனை மட்டும் ஆள் இல்லாத வீட்டில் யாரோ சமைப்பதுபோல் நின்றிருந்தது.

சிமிட்டல். இன்னொரு சிமிட்டல்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

எண்ணியவள், இவர்களைத் தேடி வந்து கேசைக் கொடுத்த சந்திரவல்லி. வாய்க்குள்தான் முணுமுணுத்தாள், ஆனால் அந்தக் கூடத்தில் அதுவே பெரிய சத்தமாகக் கேட்டது. படி அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லக் கூடாது, லாபம் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். பேயை எண்ணும்போதுகூட அவளுக்கு வழக்கம் விடவில்லை.

"எதுக்கும்மா எண்ணுற?" என்றாள் அன்னக்கொடி.

"எண்ணாட்டி பயமா இருக்குக்கா. எண்ணினா முடிஞ்சிரும்னு ஒரு தெம்பு."

ஒன்பது நாளுக்கு முன்னால் இந்த ஸ்டோரில் ஒரு உயிர் போயிருந்தது. போனது எஞ்சினியர் மலைச்சாமி. விறகு அடுப்புகளை இடித்துவிட்டு மின்சார உலர்த்தியை இங்கே கொண்டுவந்தவர் அவர்தான். காற்றாடி ஓடுகிறதா இல்லையா என்று பெண்களுக்குத் தெரியட்டும் என்று கூடத்தில் இந்த விளக்கையும் மாட்டியிருந்தார். காற்றாடி ஓடினால் நாடித்துடிப்புபோல் சீராகச் சிமிட்டும். நிறுத்தினால் ரெண்டு சிமிட்டலோடு அணைந்துவிடும். மூன்று மாதம் அப்படித்தான் இருந்தது.

திடீரென்று ஒருநாள், நிறுத்திய பிறகும் சிமிட்டத் தொடங்கியது. போன வருஷம் அடுப்பறைப் புகையில் மூச்சு முட்டிச் செத்துப்போன கிழவன் அமாவாசைதான் அடுப்பைக் கேட்டு வந்திருக்கிறான் என்று பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மதுரைக்கு வேலையாகப் போயிருந்த மலைச்சாமி, சேதி கேட்டுச் சிரித்துக்கொண்டே மலை ஏறினார். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அழகுமலையை மெயினை இறக்கச் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் காத்திருந்தார். உலர்த்தி அறையில் இருந்த பேனல் பெட்டியைத் திறந்து கையை வைத்தார். அதோடு சரி.

கரண்டு இல்லாத பெட்டி ஆளைக் கொல்லுமா? போலீஸ் அதிகம் யோசிக்கவில்லை. மெயினுக்குப் பக்கத்தில் நின்றவன் அழகுமலை. அடுப்பு எரித்துப் பிழைத்தவன், உலர்த்தி வந்தபோது எஞ்சினியரோடு மல்லுக்கு நின்றவன். அவன்தான் சுவிட்சை ஏற்றி இறக்கியிருக்கிறான் என்று கைவிலங்கு போட்டுவிட்டார்கள். நாளைக்குப் பதினோரு மணிக்குக் கோர்ட்டு. கொலைக் கேசு.

"அந்த மனுசன் ஒரு ஓணானை அடிக்க மாட்டாருண்ணே" என்று போன வாரமே அழுது தீர்த்துவிட்டாள், அழகுமலையின் பெண்டாட்டி சந்திரவல்லி. இப்போது அழுகை இல்லை. எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தாள்.

சிமிட்டல் மெல்ல மெல்லத் தளர்ந்தது. முதலில் நொடிக்கு ஒன்றாக இருந்தது, பிறகு ஒரு மூச்சுக்கு ஒன்று. கடைசியில் ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுவிடலாம். அந்த இடைவெளிதான் அன்னக்கொடியைக் கொன்றது. அணைந்துவிட்டது, அப்பாடா என்று மூச்சு விடும் நேரம் பார்த்து, எங்கும் போகவில்லை நான் என்பதுபோல் இன்னொரு தரம் சிமிட்டும்.

பிறகு நின்றே விட்டது.

"இருபத்திரெண்டு நிமிஷம்ணே."

"ஐநூத்தி நாப்பத்தொண்ணு" என்றாள் சந்திரவல்லி.

உக்கிரபாண்டி தாடையைச் சொறிந்தார். "தினமும் இதே கணக்கா?"

"கொஞ்சம் முன்னப்பின்ன. ஆனா இந்தச் சுத்துதான்."

"அப்ப பேய் இல்ல. பேய்னா ஒருநாள் கோவமா வரும், ஒருநாள் சாவகாசமா வரும். இது ஆபீஸ் ஊழியர் மாதிரி நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போகுது."

* * *

சாயங்காலம் ஆறு மணிக்கு உக்கிரபாண்டியும் அன்னக்கொடியும் போடியில் சுந்தரம்மாள் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தினார்கள். மலைச்சாமியின் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

வாசலில் அவள் அண்ணன் ஒச்சப்பன் லாரியிலிருந்து விறகு இறக்கிக்கொண்டிருந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமைக்க வேண்டுமே. மலைமேல் உள்ள ஸ்டோர்களுக்கெல்லாம் விறகு லோடு அடிக்கிறவர் அவர். ஒவ்வொரு கட்டாகத் தூக்கிப் போட்டு, "லாபம்... ரெண்டு... மூணு..." என்று எண்ணினார். பக்கத்தில் பால்காரரும் அதே மாதிரி "லாபம்" என்று சொல்லித்தான் செம்பில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏதாச்சும் துப்பு கெடச்சுச்சாங்க?" என்றார் ஒச்சப்பன். கண் குழி விழுந்திருந்தது. மச்சினன் செத்த துக்கம் அவரைத்தான் அதிகம் தின்றிருந்தது என்று ஊரே சொன்னது.

"கம்ப்யூட்டர்ட்ட கேட்டுப் பார்க்கலாம்னு வந்தோம்ணே" என்றாள் அன்னக்கொடி.

"அந்தப் பெட்டியா? எனக்கு அதைக் கண்டாலே பயம் தாயி. மாப்ளே அதுக்கு முன்னாடி உக்காந்தா சாப்பாட்டு நெனப்பே வராது அவருக்கு." சொல்லிவிட்டு அடுத்த கட்டைத் தூக்கப் போய்விட்டார்.

உள்ளறையில் ஒரு சின்ன டீவி. அதோடு ஒயர் போட்டு இணைத்த விசைப்பலகை. அதுதான் கம்ப்யூட்டர். பக்கத்தில், கேசட்டில் பதிந்த புரோகிராமை அதற்கு ஊட்ட ஒரு டேப் ரெக்கார்டர். சுந்தரம்மாள் கேசட்டைப் போட்டதும் அது கிறீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. நாலு நிமிஷம் கழித்துத் திரையில் எழுத்து வந்தது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்.

'வா. முடிச்சைச் சொல்லு.'

அன்னக்கொடி ஓரடி பின்னால் நகர்ந்தாள். "யாரு டீச்சர் பேசுறது?"

"அவுகதான்." சுந்தரம்மாள் திரையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். "அவுக எழுதின புரோகிராம். பேசுற மாதிரியே எழுதி வச்சிருக்காக. பொழுது போகாட்டி நான் இதைப் போட்டு வச்சிட்டு உக்காந்திருக்கேன்."

சொன்னபோது குரல் நடுங்கவில்லை. அதுதான் கேட்பவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

உக்கிரபாண்டி தொண்டையைக் கனைத்தார். "எனக்குக் கரண்டுன்னா பில்லு மட்டும்தான் தெரியும் டீச்சர். இது என்ன செய்யும்?"

"ஒரு தண்ணித் தொட்டியை நெனச்சுக்கங்க. அடியில ஒரு ஓட்டை. தொட்டி நெறைய இருந்தா வெரசா வடியும், கொறையக் கொறைய வடியுற வேகமும் கொறையும். எவ்வளவு மிச்சம் இருக்கோ அதைப் பொறுத்து வேகம். அதை எழுதுற கணக்குக்குத்தான் வகைக்கெழுச் சமன்பாடுன்னு பேரு. அந்தப் பேனல்ல கண்டென்சர்னு ஒண்ணு இருக்கு, அதுதான் தொட்டி. கரண்டை நிறுத்தினாலும் அதுக்குள்ள கொஞ்சம் தேங்கி நிக்கும், அது தீருற வரைக்கும் கூடத்து விளக்கும் சிமிட்டும். அது வடியுறதுக்குன்னு ஒரு ரெசிஸ்டர் போட்டிருக்காக, அதுதான் ஓட்டை. ஒயரும் ஒயரும் சேருற இடத்துக்கு முடிச்சுன்னு பேரு; எந்தச் சாமான் எந்த ரெண்டு முடிச்சுக்கு நடுவுல இருக்குன்னு தட்டினா, இந்தப் புரோகிராமே சமன்பாட்டை வருவிச்சுக் குடுத்துரும். நம்ம கண்ணால பார்த்ததைத் தட்டினா, ரெண்டும் பொருந்துதான்னும் பார்த்துச் சொல்லும்."

மலைச்சாமி வரைந்த படத்தை விரித்து வைத்துக்கொண்டு அன்னக்கொடி ஒவ்வொரு சாமானாகத் தட்டினாள். திரை யோசித்தது. சமன்பாடு ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே:

'நாலு விநாடியில் வடியும். ஒரு நிமிஷம் பொறு. அப்புறம் தொடு.'

"அதான் ஒரு நிமிஷம் பொறுத்தாரு" என்றார் உக்கிரபாண்டி மெதுவாக. "தன் கணக்கை நம்பினாரு. சரி, நம்ம பார்த்ததைத் தட்டு ஆத்தா."

இருபத்திரண்டு நிமிஷம் என்று தட்டினாள்.

'தப்பு. மறுபடி பாரு.'

"இவுக செத்தும் என்னைத் திட்டுறாகண்ணே" என்றாள் அன்னக்கொடி. சொன்ன பிறகுதான் டீச்சர் பக்கத்தில் இருப்பது உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சுந்தரம்மாள் லேசாகச் சிரித்தாள். ஒன்பது நாளில் முதல் சிரிப்பாக இருக்கும்.

"சமன்பாடு தப்பா இருக்காது. நான் கையால போட்டும் பார்த்திருக்கேன்" என்றாள் சுந்தரம்மாள். "படத்துல இருக்குறது ஒண்ணு, பேனல்ல இருக்குறது ஒண்ணுன்னா? ஒவ்வொரு சாமானா எடுத்துட்டுப் பார்ப்பமே."

முதல் சாமானை எடுத்தார்கள். தப்பு. இரண்டாவதை எடுத்தார்கள். தப்பு. நாலாவது வரியில் இருந்த ரெசிஸ்டரை, அந்த ஓட்டையை, எடுத்ததும் திரையில் எழுத்து மாறியது.

'பொருந்துது. இருபத்திரண்டு நிமிஷம். தொடாதே.'

மூன்று பேரும் அந்தக் கடைசி வார்த்தையையே பார்த்தார்கள். செத்தவர் தன்னையே எச்சரித்ததுபோல் இருந்தது, ஒன்பது நாள் தாமதமாக.

"யாரோ ரெசிஸ்டரைக் கழட்டியிருக்கான்" என்றார் உக்கிரபாண்டி. "கழட்டினதும் விளக்குப் பேயாச்சு. தொட்டி எமனாச்சு. அழகுமலை மெயினைத் தொடவே இல்ல."

"நல்லதாப் போச்சு, இதை வச்சே விட்ரலாம்ல?" என்று எழுந்தாள் அன்னக்கொடி.

"உக்காரு. கழட்டினதே அழகுமலைதான்னு இன்ஸ்பெக்டர் சொல்வாரு. அந்த ஸ்டோர்ல தினமும் இருக்குறவன் அவன்தானே."

அன்னக்கொடி எரிச்சலோடு கேசட்டைப் பிடுங்கித் திருப்பிப் போட்டாள். ரெண்டாம் பக்கம். ஒன்றும் இருக்காது என்று நினைத்துத்தான் போட்டாள். ஆனால் கேசட் கிறீச்சிட்டது. ஏதோ ஒரு கணக்கை யாரோ சேமித்து வைத்திருக்கிறார்கள்.

திரையில் அதே சாமான்கள் வரிசையாக வந்தன. நாலாவது வரி மட்டும் இல்லை. கீழே, அதே வார்த்தை: 'தொடாதே.'

"அடி ஆத்தி! நமக்கு முன்னாடியே எவனோ இதைக் கேட்டிருக்கான்!"

"மலைச்சாமி சாரே போட்டுப் பார்த்திருப்பாரோ?" என்றார் உக்கிரபாண்டி.

"பார்த்திருந்தா தொட்டிருக்க மாட்டாக" என்றாள் சுந்தரம்மாள். பிறகு முடிச்சுகளின் பெயரைப் படித்தாள். படித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன டீச்சர்?"

"அவுக முடிச்சுக்கு நம்பர் போட்டா பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிப்பாக. கரண்டு படிச்சவுக பழக்கம். நான் போட்டா ஒண்ணுலேர்ந்து. இதுல..."

அன்னக்கொடி எட்டிப் பார்த்தாள். முதல் முடிச்சு: 'லாபம்'. அடுத்து 2. அடுத்து 3.

கூடத்தில் இருட்டில் முணுமுணுத்த குரல் அவள் காதில் கேட்டது. லாபம், ரெண்டு, மூணு. சந்திரவல்லியா? இல்லை, அவள் சொல்லிக் கொடுத்து அழகுமலையா? நம்மிடம் அழுதவளே...

"மூஞ்சியைப் பார்த்தா தெரியுது, யாரை நெனக்கிறேன்னு" என்றார் உக்கிரபாண்டி. "போடியில பாதிப் பேரு அப்படித்தான் எண்ணுவான். பால்காரர் எண்ணலையா? டீச்சர், சாரு இந்தப் பெட்டியை யாருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தாரு?"

"பக்கத்துல யாரு வந்து உக்காந்தாலும் சொல்லிக் குடுப்பாக." சுந்தரம்மாள் கேசட்டை வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நாளைக்கு மலைக்கு நானும் வர்றேன்."

வாசலில் விறகு இறக்கும் சத்தம் நின்றிருந்தது.

* * *

மறுநாள் காலை ஏழு மணிக்கு உக்கிரபாண்டி ஜீப்பை ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். கடைக்காரரை எழுப்பிக் கால் மணி நேரம் பேசினார். ஒரு காகிதப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"சீரகமிட்டாயா?" என்றாள் அன்னக்கொடி.

"ஆமா. பேய்க்கு."

மேலே போனதும், கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று அரை மணி நேரம் காணாமல் போனார். உள்ளே எங்கோ பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. வந்தபோது கையில் கரி. அன்னக்கொடி கேட்டாள், அவர் சொல்லவில்லை. வழக்கம்தான்.

ஒன்பது மணிக்கு மஞ்சுக்குள்ளிருந்து போலீஸ் ஜீப்பு வந்தது. இன்ஸ்பெக்டர், ஒரு ஏட்டு, நடுவில் விலங்கோடு அழகுமலை. பத்து நாளில் ஆள் பாதியாகியிருந்தான். சந்திரவல்லி அவனை நெருங்கவில்லை. நெருங்கினால் அழுதுவிடுவோம் என்று தூரத்திலேயே நின்றாள். பின்னாலேயே ஒச்சப்பனின் லாரி, அதில் சுந்தரம்மாள்.

"பத்து நிமிஷம்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். "பேயைப் பத்தி எழுத எப்.ஐ.ஆர்.ல கட்டம் கிடையாது உக்கிரபாண்டி."

"பேயே வேணாம்யா. உங்க கேசை நிரூபிக்கத்தான் கூப்பிட்டேன்."

அன்னக்கொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன சொல்கிறார் இந்த மனுஷன்?

எல்லாரும் உலர்த்தி அறைக்குள் போனார்கள். பேனல் பெட்டி திறந்திருந்தது. கூடத்துக் கதவைச் சாத்தியிருந்ததால் விளக்கு யார் கண்ணிலும் படவில்லை. உள்ளே எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மலைச்சாமி விழுந்த இடத்தில் யாரும் கால் வைக்கவில்லை, சொல்லி வைத்ததுபோல் சுற்றிப் போய் நின்றார்கள்.

"காத்தாடி ஓடுது. ஏட்டய்யா, மெயினை இறக்குங்க" என்றார் உக்கிரபாண்டி. "எஞ்சினியர் படத்துல நிறுத்தி ஒரு நிமிஷம் கழிச்சுத் தொடலாம்னு இருக்கு. நம்மளும் ஒரு நிமிஷம் பொறுப்போம். அப்புறம் ஒரு ஆளு இந்த ரெண்டு திருகாணியையும் தொடட்டும். ஒண்ணும் ஆகலைன்னா, படம் சரி. அப்ப அன்னைக்கு அழகுமலைதான் கரண்டை ஏத்தியிருக்கணும். கேசு முடிஞ்சது."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். காற்றாடி முனகிக்கொண்டே ஓய்ந்தது. அறுபது விநாடி. அன்னக்கொடி தன் வாழ்நாளில் அவ்வளவு நீளமான நிமிஷத்தைப் பார்த்ததில்லை. தொட்டியில் வடிய ஓட்டை இல்லை என்று அவளுக்குத் தெரியும். தொடுகிறவன் செத்தான் என்றும் தெரியும்.

"ஆச்சு" என்றார் உக்கிரபாண்டி. "யாரு தொடுறது? குடும்பத்து ஆளுன்னா முறையா இருக்கும். ஒச்சப்பண்ணே..."

அவர் முடிக்கவில்லை. சந்திரவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேனலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நான் தொடுறேன்."

"ஏய், வல்லி!" என்று கத்தினான் அழகுமலை. ஏட்டு அவனை இழுத்துப் பிடித்தார்.

"இல்லய்யா, நான் தொட்டுப் பார்க்குறேன்." அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகாட்டி இவரு கொலைகாரரு. நான் செத்துட்டா இவரு பண்ணலைன்னு ஆயிரும்ல? விட்ருவீகள்ல?"

அன்னக்கொடி கத்துவதற்கு வாயைத் திறந்தாள். உக்கிரபாண்டியின் செருப்பு அவள் கால் பெருவிரலை நசுக்கியது. அவர் அவளைப் பார்க்கவில்லை, சந்திரவல்லியையும் பார்க்கவில்லை. வேறு ஒரு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்திரவல்லி கையை நீட்டினாள். பின்வாங்கவில்லை. திருகாணிக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. பிறகு அரைச் சாண்.

"தொடாதே!"

அலறிக்கொண்டே பாய்ந்தார் ஒச்சப்பன். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த வேகத்தில் ரெண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். "தொடாதே ஆத்தா! அதுல இன்னும் நிக்குது! இருபது நிமிஷத்துக்கு மேல நிக்கும்! தொடாதே!"

அன்னக்கொடி ஓடி வந்து சந்திரவல்லியைத் தூக்கி நிறுத்தினாள்.

"மெயினு கீழ இருக்கு" என்றார் உக்கிரபாண்டி. குரலில் கோபம் இல்லை. "படத்துல ஒரு நிமிஷம்னுதான் இருக்கு. ஊரே பேயி விளக்குலதான் இருக்குன்னு சொல்லுது. பேனல்ல எமன் இருக்குன்னு உங்களுக்கு யாருண்ணே சொன்னது?"

"நான்... பேய்க்குப் பயந்து..."

"ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கு அண்ணே" என்றாள் சுந்தரம்மாள். கேசட்டை மடியிலிருந்து எடுத்து நீட்டினாள். "தொடாதேன்னு. நீ இப்ப சொன்ன அதே வார்த்தை."

ஒச்சப்பன் எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே வேட்டி மடியைத் துழாவினார். விரல் நீளத்துக்கு ஒரு பீங்கான் குச்சி வந்தது. ரெண்டு முனையிலும் கம்பி. கழற்றிய ரெசிஸ்டர்.

"பத்து நாளுக்கு மேலா மடியிலயே கெடக்கு. தூக்கிப் போடக் கை வரல." அவர் யாரையும் பார்க்காமல் பேசினார். "விறகு லோடு நின்னா என் லாரியும் நிக்கும், முப்பது வெட்டாளுகளும் நிப்பாக. பொம்பளைக பயந்து வராமப் போனா முதலாளி பழையபடி அடுப்பைக் கட்டிருவாருன்னு நெனச்சேன். விளக்கு எத்தனை நேரம் சிமிட்டும்னு மட்டும்தான் பெட்டிட்ட கேட்டேன். மாப்ளேதான் சொல்லிக் குடுத்தாரு, ஒவ்வொரு எழுத்தா. தொடாதேன்னு அது சொல்லுச்சு. யாரு தொடப் போறா, மாப்ளேதான் மதுரையில இருக்காரேன்னு இருந்துட்டேன்."

"அப்புறம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மலைக்குப் போயிட்டாருன்னு கேட்டதும் லாரியை எடுத்தேன்யா. எப்படி ஓட்டினேன்னு எனக்கே தெரியாது. பதினோராவது வளைவுல எதுக்க ஜீப்பு இறங்குச்சு. அதுல படுக்க வச்சிருந்தாக."

அழகுமலை அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதுக்கப்புறமும் என்னை உள்ள விட்டுட்டுச் சும்மா இருந்தீகளேண்ணே" என்றான். திட்டவில்லை, கேட்டான்.

ஒச்சப்பன் தங்கையின் பக்கம் திரும்பினார். "சுந்தரம்..."

"நேத்தே தெரியும்ணே" என்றாள் அவள். "லாபம்னு பார்த்ததும் தெரியும். ராத்திரி முழுக்க நீயா வந்து சொல்லுவேன்னு கதவைத் தாப்பாப் போடாம உக்காந்திருந்தேன். வளைவெல்லாம் ஏறி வர்றப்பகூட உன் பக்கத்துல தானே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள், சத்தமாக, பத்து நாளையும் சேர்த்து.

ஏட்டு அழகுமலையின் விலங்கைக் கழற்றினார். கோர்ட்டில் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார் இன்ஸ்பெக்டர், யார் முகத்தையும் பார்க்காமல். சந்திரவல்லி புருஷனின் மணிக்கட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். தான் சாகப் போனதே அவளுக்கு மறந்துவிட்டது.

அன்னக்கொடி நொண்டிக்கொண்டே வந்தாள். "ஏண்ணே, அந்தப் பிள்ளை தொட்டிருந்தா?"

உக்கிரபாண்டி பேனலைக் காட்டினார். ரெண்டு திருகாணிக்கும் பின்பக்கத்தில், குனிந்து பார்த்தால்தான் தெரியும்படி, புதுசாக ஒரு பீங்கான் குச்சி மாட்டியிருந்தது.

"சீரகமிட்டாய்" என்றார். "காலையிலயே கட்டைப் பிடி போட்ட கம்பியால, தேங்கி இருந்த கரண்டையும் பட்டுன்னு இறக்கிட்டேன். ரேடியோக் கடைக்காரர் சொல்லிக் குடுத்தாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் காலாவது பொழச்சிருக்கும்ல?"

"சொல்லியிருந்தா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும் ஆத்தா. நீ பயந்ததைப் பார்த்துத்தானே அவரு நம்பினாரு."

ஒச்சப்பனைக் கூடத்தின் வழியாகத்தான் வெளியே கூட்டிப் போக வேண்டியிருந்தது. வாசலில் மஞ்சுக்குள் பெண்கள் கூடையோடு நின்றிருந்தார்கள். சேதி அதற்குள் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போயிருந்தது. ஆனாலும் ஒருத்தியும் உள்ளே கால் வைக்கவில்லை. எல்லார் கண்ணும் சுவர் விளக்கின்மேல் இருந்தது.

அழகுமலை மெயினை ஏற்றினான். காற்றாடி உறுமியது. விளக்கு சீராகச் சிமிட்டியது. ஒரு நிமிஷம் ஓடவிட்டு இறக்கினான்.

"லாபம்" என்றாள் சந்திரவல்லி, எல்லாருக்கும் கேட்கும்படி.

"ரெண்டு."

பெண்கள் காத்திருந்தார்கள். அன்னக்கொடி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து விநாடி, இருபது விநாடி, அரை நிமிஷம். மூன்று வரவில்லை. முதலில் ஒரு கிழவி உள்ளே வந்து தன் முறத்தை நிமிர்த்தி வைத்தாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். கூடம் முழுக்க முறம் நிமிர்த்துகிற சத்தம்.

ஏட்டு தோளைத் தொட்டும் ஒச்சப்பன் நகரவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு, மூணாவது சிமிட்டலுக்காக நின்றுகொண்டிருந்தார்.